மான்செஸ்டரின் கடைசி விலைப்பலகை

மான்செஸ்டர் நகரின் நடுவே ராயல் எக்ஸ்சேஞ்ச் என்றொரு பழைய மாளிகை இருக்கிறது. பஞ்சுக்கும் நூலுக்கும் துணிக்கும் விலைபேசிய இடம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் உறுப்பினர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். சந்தை கூடும் நாள்களில் நூற்பாலைக்காரரும் நெசவாலைக்காரரும் ஏற்றுமதி வணிகரும் தோள் உரச நின்று பேரம் பேசுவர். கடல் கடந்து விற்ற பருத்தித் துணியில் பெரும்பங்கின் விலை அந்தக் கூடத்தில்தான் தீர்மானமாயிற்று. 1968ஆம் ஆண்டின் இறுதி நாளோடு அங்கு வணிகம் நின்றுபோனது. அந்தக் கடைசி நாளின் விலைகளைத் தாங்கிய பலகை இன்றும் சுவரின் உயரத்தில் அப்படியே இருக்கிறது. 1976இல் அதே கூடத்துக்குள் ஒரு நாடக அரங்கு எழுந்தது. கூடத்தின் தளம் அரங்கின் பாரத்தைத் தாங்காது என்பதால், எஃகாலும் கண்ணாடியாலும் ஆன அந்த அரங்கைக் குவிமாடத்தைச் சுமக்கும் நான்கு பெருந்தூண்களிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஒரு நாட்டின் பொருளாதாரம் ஆலைத்தொழிலிலிருந்து சேவைத்தொழிலுக்கு நகர்வதைப் பாடநூல்கள் ஒரு வரைபடத்தில் காட்டிவிடும். ஒரு கோடு இறங்கும், மற்றொன்று ஏறும். பிரிட்டனின் மொத்த உற்பத்தி மதிப்பில் சேவைத்துறையின் பங்கு 1948இல் பாதிக்கும் சற்றுக் குறைவு. இன்று ஏறத்தாழ ஐந்தில் நான்கு. 1948இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்த ஆலைத்தொழில் இன்று பத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கிறது. கோடுகள் சிக்கலின்றி ஓடுகின்றன. ஆனால் இறங்கிய கோட்டில் இருந்த மனிதர்கள் ஏறிய கோட்டுக்கு எப்படிப் போனார்கள், போனார்களா என்பதைக் கோடுகள் சொல்வதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரை தொடர முயல்கிறது. அதற்கு மான்செஸ்டரையும் அதைச் சுற்றிய லங்காஷயர் ஊர்களையும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அவற்றின் எழுச்சியிலும் சரிவிலும் நம் நாட்டு நூற்போரும் நெய்வோரும் பிணைந்திருக்கிறார்கள்.

நூற்றவர்களும் நெய்தவர்களும்

இங்கிலாந்தில் பருத்தி விளைவதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் ஆசைப்பட்டு உடுத்திய வண்ணப் பருத்தித் துணி, வங்காளத்திலிருந்தும் சூரத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் சென்றது. சென்னை நகரமே துணிக்காக உண்டானது என்றால் மிகையன்று. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே அந்த மணற்கரையைத் தேர்ந்ததற்கு, அங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்பது முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஒரு நூற்றாண்டு கழித்து, 1734இல், நெசவாளரைக் குடியேற்றுவதற்கென்றே கம்பெனி அமைத்த பகுதி சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்பெயரின் மூலம் என்பர்.

இந்தத் துணியின் வரவு இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளரைக் கொதிப்படையச் செய்தது. 1700இல் இயற்றிய சட்டம் கீழைநாட்டு அச்சுத் துணியின் இறக்குமதியைத் தடுத்தது. 1721இல் வந்த சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் குற்றமாக்கியது. அச்சட்டம் நீங்க 1774 ஆயிற்று. தடையற்ற வாணிபத்தின் தலைநகர் என்று பின்னாளில் பெயர்பெற்ற மான்செஸ்டர், இப்படியொரு வேலிக்குள் இருந்துதான் பருத்தித் தொழிலைக் கற்றது. ஹார்கிரீவ்ஸின் ஜென்னியும், 1769இல் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்ற நீர்விசை நூற்பு எந்திரமும், 1779இல் கிராம்ப்டன் அமைத்த மியூல் எந்திரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பின் நீராவி வந்தது. ஆன்கோட்ஸ் பகுதியில் ஆலைப் புகைக்கூண்டுகள் உயர்ந்தன.

அடுத்து நிகழ்ந்ததை நாம் பள்ளியில் ஒரே வாக்கியத்தில் படித்திருக்கிறோம்: மான்செஸ்டர் துணி வந்தது, இந்திய நெசவு அழிந்தது. உண்மை இதைவிடச் சிக்கலானது. முற்றாக அழிந்தது நூற்புத் தொழில். ஆலைநூல் மலிவாக வந்து குவிந்ததும் கைராட்டினங்கள் ஓய்ந்தன. நெசவாளரில் ஒரு பகுதியினர் தறியை விட்டனர். மற்றவர்கள் அதே அந்நிய நூலை வாங்கிப் பாவு ஓட்டிப் பிழைத்தனர். தென்னாட்டில் கைத்தறி இன்றுவரை தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம். நூற்பு பெரும்பாலும் பெண்களின் தொழில்; கணவனை இழந்தவளுக்கு வீட்டுத் திண்ணையில் கிடைத்த வருவாய். பஞ்சு நூற்கும் பெண்ணைப் புறநானூறு அறியும். அத்தனை பழமையான தொழில் இரண்டு மூன்று தலைமுறைக்குள் அடங்கிப்போயிற்று. நெசவாளன் பஞ்சத்தைப் பற்றியாவது கம்பெனி அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். நூற்ற பெண்ணின் இழப்பு அவர்கள் கணக்கில் பெரிதாக ஏறவில்லை. இழைக்கும் புத்தகத்துக்கும் நூல் என்று ஒரே பெயரிட்ட மொழி நம்முடையது. ஆனாலும் நூற்றவர்களைப் பற்றிய நூல் நம்மிடம் மிகக் குறைவு.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், பின்னாளில் லங்காஷயருக்கு நேர்ந்ததும் இதே வகையில் நேர்ந்தது என்பதுதான். தொழில்நீக்கம் என்று பொருளியலார் வழங்கும் சொல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவைப் பற்றிப் பேசும்போதும் இருபதாம் நூற்றாண்டு பிரிட்டனைப் பற்றிப் பேசும்போதும் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. இந்தியப் பெண் ராட்டினத்தை விட்டபோது அவளுக்கு ஆலையும் இல்லை, அலுவலகமும் இல்லை. வயற்கூலி மட்டுமே மிஞ்சியது. லங்காஷயர்ப் பெண் தறியை விட்டபோது ஓய்வூதியமும் இலவச மருத்துவமும் தரும் அரசு ஒன்று இருந்தது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டு துயரங்களையும் சமமாக்கிவிடக் கூடாது.

உச்சமும் சரிவும்

1913ஆம் ஆண்டை லங்காஷயரின் உச்சம் என்பார்கள். அவ்வாண்டு ஏறத்தாழ 700 கோடி கெஜம் துணி ஏற்றுமதியாயிற்று. அதில் சுமார் 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு வந்தது. ஆறு லட்சம் பேர் பருத்தி ஆலைகளில் வேலைபார்த்தனர். நெசவுக்கூடங்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரே வாடிக்கையாளரை இவ்வளவு நம்பிய தொழில், அந்த வாடிக்கையாளர் தானே நெய்யத் தொடங்கினால் என்னாகும் என்பதை அறியாமல் இல்லை. அறிந்திருந்ததால்தான் 1896இல் இந்திய ஆலைத்துணியின்மீது மூன்றரை விழுக்காடு உள்நாட்டு வரி வந்தது. இறக்குமதித் துணிமீதான சுங்கத்துக்கு அது ஈடாம்.

முதல் உலகப்போர் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. போருக்குப் பணம் தேவைப்பட்டபோது, 1917இல், இந்தியாவின் துணி இறக்குமதிச் சுங்கம் ஏழரை விழுக்காடாயிற்று. உள்நாட்டு வரி அப்படியே நின்றது. பம்பாயிலும் அகமதாபாத்திலும் ஆலைகள் பெருகின. ஜப்பானியத் துணி இன்னும் மலிவாக நுழைந்தது. சுதேசி இயக்கம் அந்நியத் துணியைத் தெருவில் குவித்துக் கொளுத்தியது. 1930களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த லங்காஷயர்த் துணி, 1913இல் வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தி லங்காஷயரின் டார்வென் பகுதிக்குச் சென்றார். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்போம். பகிஷ்காரத்தால் வேலையிழந்தவர்களின் துன்பத்தை நேரில் கண்டு அவர் வருந்தினார். கூடவே, ஆண்டில் பாதிநாள் வேலையின்றிக் கிடக்கும் இந்தியக் கிராமத்தாரின் எண்ணிக்கையையும் அவர்களுக்கு நினைவூட்டினார். நூற்பை இழந்த நாட்டின் தலைவர், நெசவை இழந்துகொண்டிருந்த ஊருக்கு வந்து நின்றார். அவர்மீது கோபம் கொள்ள எல்லாக் காரணமும் இருந்த மக்கள் அன்போடு வரவேற்றார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் பகைவராக எண்ணவில்லை என்பது வரலாற்றின் அரிய தருணங்களுள் ஒன்று.

காந்தியும் ஜப்பானும் மட்டுமே லங்காஷயரை வீழ்த்தவில்லை. ஓல்டம் நகரின் பிளாட் பிரதர்ஸ் உலகின் மிகப்பெரிய நூற்பு எந்திர நிறுவனமாக விளங்கியது. இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் எந்திரம் விற்று, நாளைய போட்டியாளருக்குக் கருவி கொடுத்தது அந்நிறுவனம். 1929இல் அதே பிளாட் பிரதர்ஸ், ஜப்பானின் சகிச்சி டொயோடா அமைத்த தானியங்கித் தறியின் காப்புரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்க ஒப்பந்தமிட்டது. டொயோடா குடும்பம் மோட்டார் வாகனத் தொழிலில் இறங்குவதற்கு அந்தப் பணம் உதவியது என்பர். கற்றுக்கொடுத்தவன் கற்றுக்கொண்டவனிடம் விலைகொடுத்துப் பாடம் கேட்கும் நிலை அப்போதே வந்துவிட்டது. லங்காஷயர் ஆலைகளோ பழைய மியூல் எந்திரங்களையும் பழைய தறிகளையும் விட மனமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தன.

இரண்டாம் உலகப்போர் முடிந்து உலகமே துணிக்கு ஏங்கியபோது சிறிது மூச்சு வந்தது. ஆனால் 1950களின் இறுதியில், ஏற்றுமதியைவிட அதிகமாகப் பருத்தித் துணியை இறக்குமதி செய்யும் நாடாகப் பிரிட்டன் மாறிவிட்டது. 1959இல் அரசு ஒரு சட்டம் இயற்றியது. பழைய கதிர்களையும் தறிகளையும் உடைத்துப்போடும் ஆலைகளுக்கு ஈட்டுத்தொகை தருவது அதன் நோக்கம். அடுத்த இருபதாண்டுகளில் வாரத்துக்கு ஓர் ஆலை என்ற கணக்கில் லங்காஷயரில் ஆலைகள் மூடின.

எஞ்சிய ஆலைகளில் புதிய எந்திரங்கள் வந்தன. அவற்றை இரவும் பகலும் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். இரவு ஷிப்டுக்கு உள்ளூரார் வரத் தயங்கினர். பாகிஸ்தானின் மீர்ப்பூரிலிருந்தும் கிழக்கு வங்கத்தின் சில்ஹெட்டிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஆட்கள் வந்து அந்த இரவுகளை நிரப்பினார்கள். யாருடைய பாட்டியின் ராட்டினத்தை மான்செஸ்டர் நிறுத்தியதோ, அவர்களுடைய பேரன்மார் மான்செஸ்டரின் கடைசிக் கதிர்களுக்குக் காவலிருந்தார்கள்.

1966: இரண்டு விளக்கங்கள்

பருத்தி ஒரு தொழில்தான். எஃகு, கப்பல், நிலக்கரி, மோட்டார் வாகனம் என மற்றவையும் இருந்தன. பிரிட்டனின் ஆலைத்தொழிலில் வேலைபார்த்தோர் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது 1966இல். ஏறத்தாழ 90 லட்சம் பேர். இன்று அது 26 லட்சம் அளவில் இருக்கிறது. இந்த இறக்கத்தைப் புரிந்துகொள்ள உதவும் இருவேறு விளக்கங்கள் அதே 1966இல் வெளிவந்தன என்பது வியப்பான பொருத்தம்.

ஒன்று, ஹங்கேரியில் பிறந்து கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்த நிக்கலஸ் கால்டருடையது. ஒரு நாட்டின் வளர்ச்சிக்கு இழுவிசை ஆலைத்தொழிலே. அதில்தான் உற்பத்தி பெருகப் பெருக உற்பத்தித்திறனும் ஏறும் என்றார் அவர். சேவைத்தொழில்கள் ஆட்களைத் தேவைக்கு மேல் வைத்துக்கொண்டிருக்கின்றன என்பது அவர் கருத்து. அவருடைய ஆலோசனையின்பேரில் பிரிட்டிஷ் அரசு அவ்வாண்டே ஒரு விந்தையான வரியைக் கொண்டுவந்தது. முடிதிருத்தகமோ ஓட்டலோ கடையோ நடத்துபவர் தம் ஊழியர் ஒவ்வொருவருக்கும் வரி கட்ட வேண்டும். ஆலை நடத்துபவருக்கு அந்த வரி திரும்பக் கிடைக்கும், மேலே சிறிது சேர்த்தும் கிடைக்கும். ஆட்களைக் கடையிலிருந்து ஆலைக்குத் திருப்பிவிடும் முயற்சி அது. 1973இல் அந்த வரி நீங்கியது. ஆட்கள் மறுதிசையிலேயே போய்க்கொண்டிருந்தார்கள்.

கால்டருக்கு முன்னோடியாக ஆதம் ஸ்மித்தைச் சொல்லலாம். 1776இல் வெளிவந்த தம் நூலில், செய்த கணமே மறைந்துபோகும் உழைப்பை ஆக்கமற்ற உழைப்பு என்று அவர் வகைப்படுத்தினார். வீட்டு வேலைக்காரரை மட்டுமன்றி, பாதிரியார், வழக்கறிஞர், மருத்துவர், எழுத்தாளர், நடிகர், பாடகர் எல்லோரையும் அதே பட்டியலில் சேர்த்தார். பொருளைச் செய்பவனே உழைப்பாளி, மற்றவன் உண்பவன் என்ற எண்ணம் இன்றும் நம்மிடையே உண்டு. நானும் அந்தப் பட்டியலில் இருப்பவன்தான் என்பதால் சற்றுக் கூச்சத்தோடு இதை எழுதுகிறேன்.

இரண்டாவது விளக்கம் அமெரிக்கர்களான வில்லியம் பாமோல், வில்லியம் போவென் இருவருடையது. நிகழ்கலைக் குழுக்கள் ஏன் எப்போதும் நட்டத்தில் நடக்கின்றன என்று ஆராயப் புகுந்தார்கள். நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைப்படைப்புக்கு நூறாண்டுகளுக்கு முன்பு எத்தனை ஆள், எவ்வளவு நேரம் தேவைப்பட்டதோ அவ்வளவே இன்றும் தேவை. அதே காலத்தில் ஆலைத்தொழிலாளி ஒருவன் செய்யும் துணி பல மடங்காகிவிட்டது. அவன் கூலி ஏறினால் வாசிப்பவன் கூலியும் ஏறியாக வேண்டும், இல்லையேல் வாசிக்க ஆள் வராது. ஆகவே ஆலைப்பொருள் மலிவாகிக்கொண்டே போகும். வாத்தியக்காரர், செவிலியர், ஆசிரியர் தரும் சேவையின் விலை ஏறிக்கொண்டே போகும். ஒரு மணி நேரம் எடுக்கும் வகுப்பை நான் கால்மணியில் முடித்தால் உற்பத்தித்திறன் நான்கு மடங்கு ஆயிற்று என்று எவரும் மெச்சமாட்டார்.

இந்த விளக்கத்தில் ஓர் ஆறுதல் இருக்கிறது. ஆலைத்தொழில் சுருங்குவது அதன் தோல்வியால் மட்டும் நிகழ்வதில்லை, வெற்றியாலும் நிகழ்கிறது. குறைந்த ஆட்களைக்கொண்டு நிறையச் செய்ய முடிந்ததால் மிஞ்சிய ஆட்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். வருவாய் பெருகியவர்கள் மேலும் மேலும் சட்டை வாங்குவதில்லை. மருத்துவம், கல்வி, பயணம், பொழுதுபோக்கு என்று செலவிடுகிறார்கள். 1930களிலும் 40களிலும் ஆலன் ஃபிஷரும் காலின் கிளார்க்கும் பயிர், ஆலை, சேவை எனும் மூன்று படிகளில் பொருளாதாரங்கள் ஏறுவதை எழுதியபோது இதைத்தான் கண்டார்கள்.

கணக்கு ஏமாற்றும் இடமும் ஒன்றுண்டு. ஆலையின் சம்பளப் பட்டியலில் இருந்த காவலாளியும் துப்புரவுத் தொழிலாளியும் சமையற்காரரும் அக்காலத்தில் ஆலைத்தொழிலில் சேர்ந்தவர்கள். அந்த வேலைகளைக் காண்ட்ராக்ட் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால், மறுநாள் அதே ஆள் அதே வாசலில் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பார். ஆனால் அவர் இப்போது சேவைத்துறை. அவருடைய வேலை மாறவில்லை. ஊதியமும் உறுதியும் பெரும்பாலும் குறைந்திருக்கும். வரைபடத்தில் மட்டும் ஒரு புள்ளி முன்னேறியிருக்கும்.

சேவைத்தொழில் புதியது என்பதும் பிழை. 1901இல், ஆலைகள் கொழித்த காலத்திலேயே, பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பிறர் வீட்டில் வேலைக்காரிகளாக இருந்தார்கள். பெண்களுக்கு மிகுதியாக வேலை கொடுத்தது ஆலையன்று, அடுப்படிதான். லங்காஷயர்ப் பெண்கள் நெசவாலையை விரும்பியதற்கு அதுவே காரணம். ஆலைச் சங்கு ஊதியதும் அவள் நேரம் அவளுடையது. எசமானி வீட்டில் சங்கு ஊதுவதில்லை.

விடுமுறை வாரம்

1979க்குப் பின் இறக்கம் சரிவாக மாறியது. பணவீக்கத்தை அடக்க வட்டிவிகிதம் 17 விழுக்காடுவரை ஏறியது. வடகடல் எண்ணெயாலும் அந்த வட்டியாலும் பவுனின் மதிப்பு உயர்ந்தது. பிரிட்டிஷ் ஆலைப்பொருள் அயல்நாட்டில் விலைபோகவில்லை. நான்கைந்து ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலை வேலைகள் மறைந்தன. தொழிற்புரட்சிக்குப் பிறகு முதன்முறையாக, 1983இல், ஆலைப்பொருள் வாணிபத்தில் பிரிட்டனுக்குப் பற்றாக்குறை ஏற்பட்டது. 1986 அக்டோபரில் லண்டன் பங்குச்சந்தையின் பழைய விதிகள் ஒரே நாளில் தளர்ந்தன; உலகின் பணம் அங்கே குவிந்தது. நாட்டின் கணக்கில் ஒன்று மற்றொன்றை ஈடுசெய்தது. ஆனால் ஓல்டத்தில் வேலையிழந்த நாற்பத்தைந்து வயது நெசவுக்காரி லண்டனில் பங்குத்தரகர் ஆகவில்லை.

மான்செஸ்டர் நகரம் மீண்டது. ஆன்கோட்ஸ் ஆலைகள் அடுக்குமாடி வீடுகளாயின. 1982இல் மூடிய சால்ஃபோர்ட் துறைமுகத்தின் கரையில் 2011 முதல் பி.பி.சி. இயங்குகிறது. பல்கலைக்கழகங்களும் கால்பந்தும் இசையும் நகருக்குப் புதுப்பெயர் கொடுத்தன. சில மைல் தொலைவிலுள்ள ஓல்டம், ராச்டேல், பர்ன்லி போன்ற ஆலையூர்கள் அப்படி மீளவில்லை. சேவைத்தொழில் பெருநகரத்தை நாடுவது. ஆலையோ, நீரும் நிலக்கரியும் இருந்தால் சிற்றூருக்கும் வந்தது.

அந்த ஊர்களில் இரவு ஷிப்டுக்கு வந்த ஆசியத் தொழிலாளர் என்னானார்கள் என்பதை விர்ந்தர் கல்ரா 2000இல் வெளியிட்ட நூலில் ஓல்டத்தை வைத்து எழுதியிருக்கிறார். பஞ்சாலைகளிலிருந்து டாக்சி நிறுத்தங்களுக்கு என்பதே அந்நூலின் தலைப்பின் பொருள். ஆலை மூடியதும் பலர் டாக்சி ஓட்டினார்கள், சிலர் உணவுக்கடை வைத்தார்கள். புள்ளிவிவரப்படி இது உற்பத்தியிலிருந்து சேவைக்கு நகர்தல். அவர்கள் வாழ்க்கையில் இது, இரவெல்லாம் எந்திரத்தருகில் விழித்திருந்தவர் இரவெல்லாம் வண்டியில் விழித்திருப்பது. ஆலையில் வெள்ளையரும் ஆசியரும் வேறுவேறு ஷிப்டிலாவது ஒரே வாசல் வழியே போய்வந்தார்கள். ஆலை போனபின் அந்த வாசலும் இல்லை. 2001 கோடையில் ஓல்டத்திலும் பர்ன்லியிலும் இனக்கலவரம் மூண்டதற்குக் காரணங்கள் பல. சேர்ந்து நிற்க இடமில்லாமற் போனதும் அவற்றுள் ஒன்று என்று எண்ண இடமுண்டு.

லங்காஷயர் ஆலையூர்களில் வேக்ஸ் வாரம் என்றொரு வழக்கம் இருந்தது. ஆண்டுக்கொரு முறை ஊரின் ஆலைகள் அனைத்தும் ஒரே வாரத்தில் கதவடைக்கும். ஊரே காலியாகி ரயிலேறிப் பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். எதிர்வீட்டுக்காரரை ஊரில் பார்த்ததுபோல் கடற்கரையிலும் பார்க்கலாம். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வாரம். நம் ஊர்த் தேரோட்டத்தைப் போல அது ஊருக்கே உரிய காலம். ஆலைகள் போனபின் அந்த வாரமும் மெல்லத் தேய்ந்தது. கடைக்காரிக்கு ஒரு நாள் ஓய்வு, செவிலிக்கு வேறொரு நாள், டாக்சிக்காரருக்கு நினைத்த நாள். எல்லோருக்கும் ஓய்வு உண்டு. ஆனால் ஒன்றாக ஓய்வு இல்லை. ஆலை தொழிலாளியின் நேரத்தைப் பறித்தது என்பது மெய். பறித்த நேரத்தை எல்லோரிடமும் ஒருசேரப் பறித்ததால், எஞ்சிய நேரம் பொதுவாயிற்று. தொழிற்சங்கமும், 1844இல் ராச்டேலில் தொடங்கிய கூட்டுறவுக் கடையும், பித்தளைவாத்தியக் குழுவும், மாலைநேரப் பள்ளியும் அந்தப் பொது நேரத்தில்தான் விளைந்தன.

இப்படிச் சொல்லும்போது ஆலையைப் புனிதமாக்கிவிடும் ஆபத்து உண்டு. தறிகளின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் நெசவுப் பெண்கள் உதட்டசைவால் பேசும் ஒரு மொழியையே வைத்திருந்தார்கள். கேட்கச் சுவையான செய்தி. ஆனால் அதன் மறுபக்கம் செவிட்டுத்தன்மை. பஞ்சுத்தூசு நுரையீரலை அரித்தது. குழந்தைகள் எந்திரங்களுக்கடியில் ஊர்ந்து குப்பை கூட்டினார்கள். மான்செஸ்டரின் தொழிலாளர் வாழ்க்கையை எங்கெல்ஸ் 1845இல் நூலாக எழுதியது புகழ்வதற்காக அன்று. அந்த நரகத்தை மனிதர் வாழத்தக்க இடமாக்கியது நூறாண்டுப் போராட்டம். போராடிப் பெற்றதை அனுபவிக்கும் தலைமுறை வந்தபோது ஆலைகள் மூடத் தொடங்கின. அவர்களின் துயரத்தில் பாதி இதில் இருக்கிறது.

நம் பக்கம்

நம் நாட்டில் இக்கதை வேறு வடிவம் கொள்கிறது. இந்தியாவின் மொத்த உற்பத்தி மதிப்பில் சேவைத்துறை பாதியைத் தாண்டிவிட்டது. ஆலைத்தொழிலின் பங்கு பல பத்தாண்டுகளாக ஆறில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கிறது. உழைப்போரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இன்னும் வேளாண்மையில் இருக்கிறார்கள். பிரிட்டன் ஏறி இறங்கிய படியில் நாம் முழுதாக ஏறவே இல்லை. ஆலைகள் நிறைவதற்கு முன்பே ஆலைத்தொழில் சுருங்கத் தொடங்குவதை, முதிராத தொழில்நீக்கம் என்னும் பெயரில் டானி ரோட்ரிக் 2016இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். ஆலைகள் மிகுந்த மாநிலம் என்பதால் தமிழ்நாட்டின் நிலை சற்று மேல். எனினும் சென்னையிலும் மான்செஸ்டரின் சாயல் உண்டு. பெரம்பூரில் 1876இல் தொடங்கிய பக்கிங்ஹாம் ஆலையும் 1881இல் தொடங்கிய கர்நாடிக் ஆலையும் பின்னர் ஒன்றாகி, பின்னி மில் என்று பெயர்பெற்றன. 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் துணைநின்று உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், அந்த ஆலைத் தொழிலாளரின் சங்கம். 1996இல் ஆலை மூடியது. 2000இல் நகரின் தென்கோடியில் டைடல் பூங்கா திறந்தது. இரண்டுக்கும் இடையே சில கல் தொலைவுதான். பெரம்பூர்த் தொழிலாளி தரமணிக்குப் போய்ச் சேர்வதற்குப் பேருந்து போதாது. ஒரு தலைமுறையும் ஒரு பட்டமும் வேண்டும்.

ஆலையிலிருந்து சேவைக்கு நகர்வதை நன்மை என்றோ தீமை என்றோ முடித்துவிட முடியாது. கற்பிப்பதும் மருத்துவம் பார்ப்பதும் நாடகம் நடிப்பதும் துணி நெய்வதைவிடத் தாழ்ந்தவையல்ல. ஆனால் பத்தாவது வரை படித்தவனுக்கு, குடும்பம் நடத்தும் அளவு கூலியும், கேட்பதற்கு ஒரு சங்கமும், நாளைக்கும் வேலை உண்டு என்ற உறுதியும் கொடுத்தது ஆலைதான். சேவைத்தொழில் ஒரு முனையில் பெருஞ்சம்பளமும் மறுமுனையில் அன்றாடக் கூலியுமாகப் பிரிகிறது. நடுவில் ஆலை இருந்த இடம் வெற்றிடமாக இருக்கிறது. பிரிட்டன் அந்த வெற்றிடத்தைச் செல்வம் சேர்த்தபின் சந்தித்தது. நாம் அதற்கு முன்பே சந்திக்கிறோம்.

என் வகுப்பில் கைத்தறி வீடுகளிலிருந்து வரும் மாணவர்கள் உண்டு. தறிக்குழியில் இறங்க அவர்களுக்கு விருப்பமில்லை. இறங்கச் சொல்ல எனக்கும் உரிமையில்லை. படிப்பு முடிந்ததும் அவர்களில் ஒருவர் தகவல்தொழில்நுட்பத்துக்கும், நான்கு பேர் கடன்வசூலுக்கும் உணவு விநியோகத்துக்கும் துணிக்கடைக்கும் போவார்கள். புள்ளிவிவரம் ஐவரையும் ஒரே சேவைத்துறையில் எழுதிக்கொள்ளும். அப்பா நெய்த சேலையின் விலையை ஒரு மாணவர் என்னிடம் சொன்னதுண்டு, அவர் வேலைபார்க்கும் கடையில் அதே சேலைக்கு ஒட்டியிருந்த விலையையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சேவைத்துறையின் பங்கு என்று பொருளியல் சொல்லும். அந்தப் பங்கில் தனக்கு எவ்வளவு என்று அவர் கேட்டார். இந்த நூறாண்டு வரலாற்றின் முன் நாம் வைக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.